நம் அணியின் புதிய சீருடை

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புதிய வேலை நல்லபடியாக அமைந்ததில் மிக்க மகிழ்ச்சி. நம் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் புதிய சீருடைகளைப் பற்றி என் கருத்தைக் கேட்டிருந்தாய். வெள்ளைச் சீருடை மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. அரக்கு நிறத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கருப்பு மட்டும் வந்திருக்கவே வேண்டாம்.

சொந்த அரங்கில் ஆடும் அணி வெளிர் நிறம் அணிவது அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களின் வழக்கமாதலால், நாம் அதிகம் பார்க்கப்போவது வெள்ளையைத்தான். மார்பில் கல்லூரியின் பெயர், பழைய பளபளப்பான அச்சுக்குப் பதிலாக, துணியில் வெட்டித் தைத்த எழுத்துகளாக லேசான வளைவில் அமைந்திருக்கிறது. அக்குளிலிருந்து ஷார்ட்ஸின் ஓரம் வரை ஒரே அரக்குப் பட்டை இடுப்பில் முறியாமல் இறங்குவதால், வீரர் ஓடும்போது மேலும் கீழும் ஒரே உடையாகத் தெரிகிறது. இதைத் தைத்தவர்கள் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் என்றே நினைக்கிறேன்.

கருப்பில் அந்த அக்கறை இல்லை. கருப்புத் துணியில் அரக்கு எண்கள். சுற்றியுள்ள மெல்லிய வெள்ளைக் கோடு இல்லாவிட்டால், எண் இருப்பதே மேல்மாடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, எண்களின் மூலைகளை அலங்காரமாகச் சாய்த்து வெட்டியிருக்கிறார்கள். நடுவர் கைவிரல்களால் எண்ணைக் காட்ட வேண்டியிருந்ததால், கல்லூரி ஆட்டங்களில் நெடுங்காலம் 0 முதல் 5 வரையுள்ள இலக்கங்களுக்கே அனுமதி இருந்தது; 2023-24 பருவத்திலிருந்துதான் 0 முதல் 99 வரை எந்த எண்ணையும் அணியலாம் என்றாயிற்று. முன்பு 8 என்ற இலக்கமே கிடையாது என்பதால் 3 என்றால் 3தான். இப்போது 3, 6, 8, 9 ஆகிய நான்கும் ஒரே அணியில் ஓடக்கூடிய நிலையில், எண்ணின் வடிவம் முன்னைவிடத் தெளிவாக இருக்க வேண்டாமா?

புதுமையை நான் வெறுப்பதில்லை. 1991இல் ஆடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் ஜூலியன் வட கரோலினா பல்கலைக்கழக அணியின் சீருடை ஓரத்தில் வைர வடிவக் கட்டங்களை வரைந்தபோது, அது கூடைப்பந்துக்குப் புதிதாகவே இருந்தது; ஆனால் அணியின் பழைய வெளிர்நீலத்தை அவர் விட்டுவிடவில்லை, கட்டங்களும் அந்த அணியின் அடையாளமாகிவிட்டன. அதே பருவத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு வீரர்கள் ஐவர் முழங்கால் வரை தொங்கும் தொளதொள ஷார்ட்ஸுடன் களமிறங்கினார்கள். நாடே அந்தப் பாணிக்கு மாறியது. இந்தியானா பல்கலைக்கழக அணியோ நெடுங்காலம் ஜெர்சியில் வீரர்களின் பெயரைப் பொறிக்காமலே ஆடியது. அதுவும் ஓர் அழகுதான்.

கருப்பு உடை இளம் வீரர்களைக் கவரும், நல்ல ஆட்டக்காரர்கள் நம் கல்லூரியைத் தேடி வருவார்கள் என்று நீ எழுதியிருந்ததை யோசித்துப் பார்த்தேன். வருகிற பிள்ளைகளின் விருப்பமும் முக்கியந்தான். ஆனால் எத்தனையோ கல்லூரிகள் கருப்பு உடுத்துகின்றன. அரங்கின் விளக்கொளியில் அந்த அரக்கு நிறம் நமக்கே உரியது. தொலைக்காட்சியில் ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தாலும் ஆடுவது நாம்தான் என்று அது சொல்லிவிடும்.

விளையாட்டுத் துறைக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கருப்பை உடனே கைவிட மாட்டார்கள் என்பதால், குறைந்தபட்சம் அதன் எண்களையாவது முழு வெள்ளையாக, சாய்வு வெட்டுகள் இல்லாமல் மாற்றித் தரும்படி கேட்கப்போகிறேன். இந்த அளவுக்காவது உனக்குச் சம்மதமென்றால், உன் பெயரையும் கீழே சேர்த்துக்கொள்கிறேன். அடுத்த கடிதத்தில் சொல்.

அன்புடன்,
முரளி