நாற்பது மில்லிமீட்டரோடு நிறுத்திவிட்டீர்களே

உலகத் தடகளத்துக்கு விதி வகுக்கும், மொனாகோவில் இருக்கும் வேர்ல்ட் அத்லெடிக்ஸ் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சென்னையில் ஓடுகிறவன் எழுதுகிறேன். நீங்கள் பெயர் கேள்விப்பட்ட ஓட்டக்காரன் இல்லை. மாரத்தானை நாலரை மணி நேரத்தில் முடிப்பவன். மணிக்கு ஒன்பதரை கிலோமீட்டர்கூட வராது. ஆனால் நீங்கள் விதி போட்டிருக்கும் பந்தய ஷூக்களைக் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள்தான். சாதனை படைப்பவர்களுக்கு கம்பெனியே கொடுத்துவிடுகிறது.

2020 ஜனவரியில் நீங்கள் விதி கொண்டுவந்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அதற்கு முந்தைய அக்டோபரில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். 12ஆம் தேதி வியன்னாவில் கென்யாவின் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1:59:40இல் ஓடினார். மறுநாளே சிகாகோவில் பிரிஜிட் கோஸ்கெய் மாரத்தானை 2:14:04இல் ஓடி, 2003 முதல் அசையாமல் நின்ற பவுலா ராட்கிளிஃபின் பெண்கள் உலக சாதனையை 81 நொடி வித்தியாசத்தில் தூக்கி எறிந்தார். இருவர் ஷூவின் அடிப்பாகத்திலும் தடித்த ஃபோம் என்கிற மெத்தை, அதற்குள்ளே கார்பன் பிளேட் என்கிற விறைப்பான தகடு. சாலை ஓட்டத்துக்கு அடிப்பாகம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, விறைப்பான பிளேட் ஒன்றுதான் இருக்கலாம் என்றீர்கள். அந்த விதி காகிதத்தோடு நிற்கவும் இல்லை. 2021 வியன்னா மாரத்தானில் டெராரா ஹுரிசா 2:09:22இல் முதலாவதாக வந்தும், ஷூவின் தடிமன் 50 மில்லிமீட்டர் என்று தெரிந்ததும் தகுதி நீக்கப்பட்டார். மூன்று நொடி பின்னால் வந்தவருக்கு வெற்றி போனது.

சரி, ஸ்கேல் வைத்து அளந்துவிட்டீர்கள். ஆனால் அளந்தது உயரத்தை மட்டும்தானே? அந்த உயரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதில் அல்லவா விஷயமே இருக்கிறது.

கடையில் நடப்பதைச் சொல்கிறேன். விற்கும் தம்பி ஷூவை இரண்டு கையிலும் பிடித்து வளைக்கப் பார்ப்பார். வளையாது. "கார்பன் சார்" என்பார். அதோடு விளக்கம் முடிந்தது, விலை இருபதாயிரத்துக்கு மேல். 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நைக்கியின் வேப்பர்ஃபிளை என்ற கார்பன் ஷூவின் பிளேட்டைக் குறுக்கே ஆறு இடத்தில் அறுத்துவிட்டு ஓட வைத்துப் பார்த்தார்கள். ஷூ நன்றாகவே வளைந்தது. ஓடச் செலவான சக்தியோ அரை சதவீதம் அளவுக்குத்தான் மாறியது. அப்படியென்றால் வேலையில் பெரும்பங்கு ஃபோமினுடையது. 2017 கொலராடோ ஆய்விலும் இது தெரிந்தது: அமுக்கச் செலவான சக்தியில் சுமார் 87 சதவீதத்தை வேப்பர்ஃபிளையின் பெபா என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபோம் திருப்பிக் கொடுத்தது, ஒப்பிட்ட இன்னொரு பந்தய ஷூ 76 சதவீதம்தான் கொடுத்தது. இரண்டையும் கடை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்போம், ஏதோ புரிந்த மாதிரி தலையாட்டுவோம்.

அந்தக் கொலராடோ ஆய்விலிருந்து கிளம்பியதுதான் ஓடும் சக்தியில் "நான்கு சதவீதம்" மிச்சம் என்ற மந்திரம். அதில் ஓடியவர்கள் பதினெட்டுப் பேர், வேகம் மணிக்கு 14 முதல் 18 கிலோமீட்டர். என் வேகத்துக்கு அது பொருந்துமா? டெக்சாஸில் ஒரு குழு இதைச் சோதித்து 2023இல் வெளியிட்டது: மணிக்கு 12 கிலோமீட்டரில் சராசரி மிச்சம் 1.4 சதவீதம், 10 கிலோமீட்டரில் 0.9. அதுவும் சராசரிதான். அதே ஆண்டு கென்ய முன்னணி ஓட்டக்காரர்களிடம் நடத்திய ஆய்வில், ஒருவருக்கு ஒரு ஷூவில் 11.4 சதவீதம் லாபம், இன்னொருவருக்கு 11.3 சதவீதம் நஷ்டம் என்கிற அளவுக்குக் கணக்கு சிதறியது.

இனி என் சமையலறைக் கதை. போன ஜனவரியில் ஓர் அரை மாரத்தானுக்கு முன்னால், கார்பன் ஷூ ஒன்றைக் காய்கறி நிறுக்கும் டிஜிட்டல் தராசில் வைத்தேன். 204 கிராம். ஓடி முடித்து வீட்டுக்கு வந்து, சாக்ஸைக் கழற்றிப் பிழிந்துவிட்டு (அந்தத் தண்ணீரைப் பற்றி எழுத வேண்டாம்) அதே ஷூவை மறுபடி வைத்தேன். 251. என் மனைவி தராசை எடுத்துக்கொண்டு போய் இரண்டு முறை கழுவினாள், அது வேறு விஷயம். ஒரு ஷூவில் 100 கிராம் கூடினால் ஓடச் செலவாகும் சக்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும் என்பது பழைய கணக்கு. அப்படிப் பார்த்தால் என் வேகத்தில் கிடைக்கும் 0.9இல் பாதியை என் வியர்வையே குடித்துவிட்டது. பழைய ஷூவும் நனையும்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த மேல்துணி எவ்வளவு நீர் குடிக்கும் என்று எந்த விளம்பரத்திலும் போட்டிருக்காது.

ஆயுளும் இப்படித்தான். 2023 பெர்லின் மாரத்தானில் எத்தியோப்பியாவின் டிக்ஸ்ட் அசெஃபா 2:11:53 ஓடியபோது போட்டிருந்த அடிடாஸ் ஷூ 138 கிராம், விலை 500 டாலர். ஒரு மாரத்தானுக்கும் அதற்கு முன் பழகிப் பார்க்கவும் செய்யப்பட்டது என்று அந்த நிறுவனமே சொன்னது. அந்த நேர்மை பிடித்திருந்தது. மற்றவற்றுக்கு நாங்களாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மிட்சோலின் (நடுவில் இருக்கும் ஃபோம் அடுக்கின்) பக்கவாட்டில் சுருக்கம் விழுந்து, படிக்கட்டில் இறங்கும்போது "தட்" என்று சத்தம் வந்தால் முடிந்தது என்று எங்கள் குழுவில் ஒரு அண்ணன் சொல்வார். இப்போதைக்கு அவர்தான் எங்கள் ஆய்வகம்.

நான் கேட்பது புது விதி இல்லை. அனுமதித்த ஷூக்களின் பட்டியலை ஏற்கெனவே எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சில எண்களைச் சேருங்கள். அளந்த தடிமன், எடை, ஃபோம் திருப்பித் தரும் சக்தி, அது 200 கிலோமீட்டர் ஓடியபின் எவ்வளவு மிஞ்சுகிறது, நனைந்தால் எடை எவ்வளவு கூடுகிறது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்திலும் ஒரு முறை சோதிக்கச் சொல்லுங்கள். அளவெடுக்கும் மாதிரி ஐரோப்பிய அளவில் 42ஆம் எண் என்று வைத்திருக்கிறீர்கள். 36ஆம் எண் போடும் பெண்களுக்காக இன்னொரு மாதிரியையும் அளந்தால் நல்லது.

முதல் ஆண்டில் பத்து ஷூக்களுக்கு மட்டும் செய்தால்கூடப் போதும். அதுவரை அடுத்த ஜோடியை வாங்காமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு நாலரை மணி நேர ஓட்டக்காரன்