பூணுக்குள் தங்கும் பெயின்ட்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். போன தடவை படம் வரைய வாங்கிய பன்றிமுடி பிரஷ் எல்லாம் துடைப்பம் மாதிரி விரிந்துவிட்டது என்றாய். பணம் அனுப்பியிருக்கிறேன், புதிது வாங்கிக்கொள். ஆனால் பழையது ஏன் கெட்டது என்று தெரியாவிட்டால் புதிதுக்கும் அதே கதிதான். உன் ஹாஸ்டல் சத்தத்தில் போனில் சொன்னால் பாதிதான் காதில் விழும். அதனால் எழுதுகிறேன்.

நீ நுனியை மட்டும் கழுவுகிறாய். பிரஷ் கெடுவது அடியில், அம்மா. முடியைப் பிடித்திருக்கும் தகரப் பூணுக்குள் பெயின்ட் ஏறி இறுகிவிட்டால், அது உள்ளிருந்தே முடியை வெளியே தள்ளும். அப்புறம் நுனியை எவ்வளவு கழுவினாலும் கூர் திரும்பாது. ஆகவே முடியில் பாதிக்கு மேல் பெயின்டில் முக்காதே.

வேலை முடிந்ததும் பூணிலிருந்து நுனிப் பக்கமாகத் துணியால் அழுத்தித் துடை. பெரும்பாலான பெயின்ட் அதிலேயே வந்துவிடும். எண்ணெய்ப் பெயின்ட் என்றால் அப்புறம் டர்பன்டைனில் அலசு. அழுக்கு டர்பன்டைனைச் சாக்கடையில் ஊற்றாதே. மூடி வைத்தால் கசடு அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். எண்ணெய்ப் பெயின்ட் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள லின்சீட் எண்ணெய், அதாவது ஆளிவிதை எண்ணெய், காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகிறது. முழுக்க இறுகிய பிறகு டர்பன்டைனுக்கு அது மசியாது. சாப்பிட்டுவிட்டு வந்து கழுவிக்கொள்ளலாம் என்று போகாதே.

கடைசியாகச் சோப்பு. உள்ளங்கையில் சோப்பைத் தேய்த்து அதில் பிரஷை வட்டமாகச் சுழற்று. அடிமுடியை விரலால் பிசைந்து விடு. நுரை வெள்ளையாக வரும்வரை விடக்கூடாது. பச்சைத் தண்ணீர் போதும், வெந்நீரில் பூணுக்குள் இருக்கும் பசை இளகிவிடும். கழுவியதும் நுனியை விரலால் சேர்த்துவிட்டுப் படுக்கவைத்துக் காயவிடு. ஈரத்தோடு நிறுத்தினால் தண்ணீர் பூணுக்குள் இறங்கிக் கைப்பிடி மரம் ஊறும், பூண் ஆட்டம் கண்டுவிடும்.

தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் பெயின்ட் சீக்கிரம் காயும், காய்ந்தால் பிளாஸ்டிக்தான். வரையும்போதே அடிக்கடி தண்ணீரில் அலசிக்கொள். அதற்காகக் குவளையிலேயே பிரஷை ஊறப்போடாதே, நுனி வளைந்துவிடும்.

நான் போர்டு எழுதும் பிரஷை மண்ணெண்ணெயில் கழுவி எஞ்சின் ஆயிலில் தோய்த்து வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. எனாமலுக்கு அது சரி, மறுபடி எழுதுமுன் நன்றாக அலசிவிடுவேன். நீ அதைச் செய்ய வேண்டாம். காயாத எண்ணெய் முடியில் தங்கி உன் கேன்வாஸில் கலந்தால் படம் ஒழுங்காகக் காயாது. இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரப் பிரஷை டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடித்துவிடும். அங்கேயும் மழைக்காலத்தில் நன்றாக உலர்த்தி வை. நாள்பட வைப்பதென்றால் அந்துருண்டை போடு, விலங்கு முடியைப் பூச்சி தின்னும்.

இன்னும் இரண்டு விஷயம், அம்மாவும் எழுதச் சொன்னாள். லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதே. குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடு, இல்லையென்றால் தண்ணீரில் நனைத்துத் தகர டப்பாவில் மூடி வை. நுனியைக் கூராக்க வாயில் வைக்கவும் வைக்காதே. சின்ன வயதில் வாட்டர் கலரில் உனக்கு அந்தப் பழக்கம் இருந்தது. காட்மியம் மஞ்சளும் சிவப்பும் வயிற்றுக்குள் போகக் கூடாதவை.

புதிது வாங்கும்போது யாராவது கீரிமுடி பிரஷ் என்று நீட்டினால் வேண்டாம் என்று வந்துவிடு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கீரிக்குப் பாதுகாப்பு உண்டு, அந்த முடியை விற்பது குற்றம். அந்த உயிரைக் கொன்று நமக்கு ஒரு பிரஷ் வேண்டாம். செயற்கை முடியே இப்போது நன்றாக வருகிறது.

விரிந்துபோனவற்றைத் தூக்கி எறியாமல் பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா. முடியைக் குட்டையாக வெட்டித் தருகிறேன், கேன்வாஸுக்கு அடிப்பூச்சான ஜெஸ்ஸோ பூச ஆகும்.

அன்புடன்,
அப்பா