மேலே போய்ச் சேராத செய்தி

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுகள் மக்களிடமிருந்து எதையெல்லாம் மறைக்கின்றன என்று சென்ற இதழில் வந்த கட்டுரை விரிவாகச் சொல்லியிருந்தது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பேசினால் தண்டனை என்ற ஆட்சியில், ஆள்பவர் காதுக்கே உண்மை போய்ச் சேராது.

சோவியத் ஒன்றியத்தில் செர்னோபில் அணு உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26, சனிக்கிழமை விடியுமுன். உலை அப்படியே இருக்கிறது என்றுதான் மாஸ்கோவுக்கு முதலில் தகவல் போனது. பக்கத்து ஊரான பிரிப்பியத்தில் பிள்ளைகள் வழக்கம்போல் பள்ளிக்குப் போனார்கள். ஒரு கல்யாணம்கூட நடந்தது. பேருந்துகள் வந்து ஊரைக் காலி செய்தது மறுநாள் மதியம்தான். 28ஆம் தேதி காலை ஸ்வீடனில், ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலைய ஊழியர் ஒருவரின் காலணியில் கதிர்வீச்சு இருப்பதைக் கருவி காட்டிக்கொடுத்தது. ஸ்வீடன் கேள்வி கேட்ட பிறகே, அன்று இரவு சோவியத் தொலைக்காட்சியில் சில வரிகள் வாசித்தார்கள். இதே வகை உலையில் 1975-இல் லெனின்கிராட்டில் விபத்து நடந்திருந்தது. அந்த விவரம் செர்னோபிலில் உலையை இயக்கியவர்களுக்குச் சொல்லப்படவே இல்லை. எனக்கு ஆறாதது இதுதான்.

சீனாவில் 1958-க்குப் பிறகு நடந்ததும் இதே கதை. கீழ்மட்ட அதிகாரிகள் பயந்து விளைச்சலைக் கூட்டிச் சொன்னார்கள். அந்தக் கணக்கை நம்பி அரசு தானியத்தை அள்ளிக்கொண்டு போனது. கோடிக்கணக்கானோர் பட்டினியில் செத்தார்கள்.

சரி, தேர்தல் நடக்கும் நாடுகள் மட்டும் யோக்கியமா? இல்லை. வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்களை 1971-இல் பத்திரிகைகள் வெளியிட்டபோது, அமெரிக்க அரசு தடை கேட்டு நீதிமன்றம் போனது. உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் பத்திரிகைகள் பக்கம் நின்றது. மறைக்க அங்கேயும் ஆளிருந்தது. எதிர்த்து வழக்காட ஓர் இடமும் இருந்தது.

வூஹான் கண் மருத்துவர் லி வென்லியாங்குக்கு அப்படி ஓர் இடம் இல்லை. பின்னால் கொரோனா என்று நாம் அறிந்த புதுத் தொற்று பற்றி 2019 டிசம்பர் 30 அன்று சக மருத்துவர்களை எச்சரித்தார். நாலே நாளில் காவல்துறை அவரை அழைத்துக் கண்டனக் கடிதம் ஒன்றை நீட்டியது. ‘புரிகிறதா?’ என்ற கேள்விக்குக் கீழே ‘புரிகிறது’ என்று எழுதிக் கைரேகை வைத்தார். பிப்ரவரி 7 அன்று அதே நோயில் இறந்துபோனார்.

கெட்ட செய்தியை முதலில் சொல்பவருக்கு எந்தெந்த நாட்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது, அது நடைமுறையில் எவ்வளவு உதவுகிறது என்று விரிவாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்