கடுக்காய், துருப்பிடிச்ச ஆணி, எருமைப்பால்: சார்க்கோலுக்கு ஒரு கடிதம்

அடியே சார்க்கோலு,

நல்லா இருக்கியா? அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு, சின்னவன் ஸ்கூலுக்கு அழாம போறானா? இங்க எல்லாரும் சௌக்கியம். வீட்டுக்காரர் உன்னக் கேட்டதா சொல்லச் சொன்னாரு. சரி, விசாரிப்பு முடிஞ்சுது.

அன்னிக்கு போன்ல கேட்டியே, "ஸ்கூலு, டியூஷனு, சமையலு எல்லாம் சரிடி, உன் பெயிண்டிங் எங்க?"ன்னு. அதுக்குள்ள பஸ் வந்துடுச்சு, வச்சுட்டேன், ஆனா அந்தக் கேள்வி என்ன விட்டுப் போகல. வாய்ஸ் மெசேஜ்ல சொல்ற விஷயம் இல்ல இது, அதான் ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் உக்காந்து டைப் பண்றேன். நீளமாத்தான் போகும், டீ போட்டுட்டு வந்து படி.

ஸ்கூல் பத்தி உனக்குத் தெரியும், பகுதிநேர டிராயிங் டீச்சர், வாரத்துல மூணு அரை நாள். 2012ல சேந்தப்ப 5,000 ரூபா சம்பளம், அது 12,500 ஆனது 2024லதான். டிராயிங் பீரியட்னாலே பரிட்சை வந்தா முதல்ல காவு கொடுக்கற பீரியட்னு எல்லாருக்கும் நினைப்பு, கணக்கு டீச்சருக்கு போர்ஷன் முடியலன்னா என் பீரியட், விளையாட்டு விழா ரிகர்சல்னா என் பீரியட். எனக்கு இதுல நிஜமாவே கோவம் வருதுடி. வாரத்துக்கு ஒரு தடவதான் அந்தப் புள்ளைங்க கலர் பென்சிலையே தொடுதுங்க, அதையும் புடுங்கினா எப்படி? சாயங்காலம் வீட்டுத் திண்ணையில டியூஷன், டிராயிங் லோயர், ஹையர்னு கவர்மெண்ட் பரிட்சைக்குப் போற பசங்க, ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங், அதே வாளி அதே சொம்பு, நம்ம வரைஞ்ச அதே செங்கல். காலையில நாலரைக்கு எழுந்தா ஆறரை வரைக்கும் எனக்கே எனக்கான நேரம், அதுல யாரையும் விடமாட்டேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். சனிக்கிழமை சனிக்கிழமை நான் திருப்பனந்தாள் பக்கம் ஒரு பெரியவர்கிட்ட கலம்காரி, அதான் துணியில குச்சியால சாயம் எழுதற வேலை, கத்துக்கப் போறேன். நம்ம காலேஜ் படிக்கும்போது அந்தப் பக்கமா எத்தன தடவ பஸ்ல போயிருப்போம், ஒரு தடவ கூட இறங்கிப் பாக்கல. 2021ல கருப்பூர் கலம்காரிக்கு புவிசார் குறியீடு கொடுத்தாங்கல்ல, அப்ப பேப்பர்ல படிச்சதுலேருந்தே மனசுல இருந்துச்சு. கோயிலுக்கும் தேருக்கும் உருளையா தொங்கவிடற தொம்பை, மேல கட்டற அஸ்மானகிரி, வாசல்ல தொங்கவிடற தோரணம்னு சோழநாட்டுல சாமிக்கே வரைஞ்ச துணிடி அது.

நான் என்னமோ துணியில வரையறதுதானேன்னு நினைச்சுப் போனேன். வரையறது கடைசியில வர்ற வேலை. முதல்ல காடா துணிய அலசி கஞ்சியெல்லாம் எடுக்கணும். அப்புறம் கடுக்காய இடிச்சு, தண்ணியில ஊறவச்சு, அதோட எருமைப்பால் கலந்து துணிய முக்கிப் பிழிஞ்சு வெயில்ல காயப்போடணும். துணி லேசா மஞ்சளடிச்சு, ஒரு மாதிரி பச்சப்பால் வாசனையும் துவர்ப்பு வாசனையுமா இருக்கும், என் கைப்பை பூரா இப்ப அதே வாசனைதான். கோடு போட்டுப் பாக்கறதுக்கு புளியங்குச்சிய சுட்டு எடுத்த கரி. உன் பேருக்கு ஏத்த வேலை!

மை எப்படித் தெரியுமா? துருப்பிடிச்ச இரும்பு, வெல்லம், பனவெல்லம், தண்ணி, அவ்வளவுதான். பானையில போட்டு மூடி ரெண்டு மூணு வாரம் புளிக்க விடணும். காளஹஸ்தி பக்கம் இத கசிமின்னு சொல்றாங்க. வடிகட்டி எடுத்தா அது கறுப்பாவே இருக்காதுடி, அழுக்குத் தண்ணி மாதிரி ஒரு மங்கல் நிறம். மூங்கில் குச்சிய சீவி அதுல துணியச் சுத்தி நூல் கட்டினா அதுதான் கலம், அந்தத் துணி உருண்டை மையக் குடிச்சு வச்சிருக்கும், விரலால அமுக்க அமுக்க முனைக்கு இறங்கும். துணியில வச்சதும் அந்த மங்கல் தண்ணி கண்ணு முன்னாடியே கறுக்குது! கடுக்காயோட துவர்ப்பும் இரும்பும் சேந்தாதான் கறுப்பு. கடுக்காய் ஏத்தாத துணியில அதே மைய வச்சா துருக்கறைதான் வரும். பாதிக் கறுப்பு துணியிலயே ஒளிஞ்சிருக்கு, மீதிய நாம கொண்டுபோய் சேக்கறோம். டியூப் பிதுக்கி ஐவரி பிளாக் எடுத்தே பழகின எனக்கு இத முதல்ல பாத்தப்ப உடம்பு சிலுத்துப்போச்சு. இத்தன வருஷம் நான் கறுப்பு உபயோகிச்சிருக்கேன், ஆனா கறுப்பு உண்டாகறதப் பாத்ததே இல்ல.

இன்னொன்னு கேளு. கேர்தூன்னு ஒரு பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார், நம்ம கரைப்பக்கம் இருந்தவரு, இங்க துணியில சாயம் எழுதறவங்ககிட்ட கேட்டுக் கேட்டு முழு முறையையும் 1742ல ஒரு கடிதமா ஃபிரான்ஸுக்கு எழுதியிருக்காரு. அதுல கடுக்காயும் எருமைப்பாலும் அப்படியே இருக்குடி! அவங்க ஊர்லயோ நம்ம துணி மேல மக்களுக்கு அவ்வளவு மோகம், அவங்க நெசவாளிங்க பொழப்பு போகுதுன்னு 1686லயே தடை போட்டு 1759 வரைக்கும் எடுக்கல. அப்படித் தடை இருந்த காலத்துலதான் இங்க இவர் ரகசியத்த எழுதி அனுப்பிக்கிட்டிருக்காரு. இத நான் பெரியவர்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "பால் எவ்வளவுன்னு சரியா எழுதியிருக்காரா?"ன்னு கேட்டாரு. அது ஒண்ணுதான் கேட்டாரு.

சரி, இத ஸ்கூலுக்குக் கொண்டு போகாம இருக்க முடியுமா என்னால? எட்டாம் கிளாஸ்ல ஆரம்பிச்சேன். செலவே கிடையாது பாரு. சைக்கிள் கடைக்காரர் மவன் துருப்பிடிச்ச ஆணியும் பால்ரஸ்ஸும் ஒரு டப்பா கொண்டு வந்தான், ஒருத்தி வீட்டுலேருந்து வெல்லம், கடுக்காய் நாட்டு மருந்துக் கடையில. கடுக்காய்ன்னு சொன்ன உடனே ஒரு பையன் எழுந்து "காலையில் இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலையில் கடுக்காய்"னு அவன் ஆயா சொல்றத அப்படியே ஒப்பிக்கிறான். பானைய லேப் ஜன்னலோரம் வச்சோம், சயின்ஸ் டீச்சர் முதல்ல மூக்கப் பொத்தினாங்க, அப்புறம் அவங்களே வந்து வெல்லம் புளிச்சு அமிலமாகி இரும்பக் கரைக்குதுன்னு போர்டுல எழுதி விளக்கினாங்க. அவங்க பீரியட்ல என் பாடம் நடந்துச்சுடி, இதுவரைக்கும் தலைகீழாத்தானே நடந்திருக்கு!

பால் எதுக்குன்னு ஒரு பொண்ணு கேட்டா. நான் பதில் சொல்லல, மூணு துணி எடுத்தோம், ஒண்ணுல கடுக்காய் மட்டும், ஒண்ணுல கடுக்காயும் பாக்கெட் பாலும், ஒண்ணுல கடுக்காயும் எருமைப்பாலும். முதல் துணியில கோடு ஊறிப் பரவிப்போச்சு, ரெண்டாவதுல கொஞ்சம் கட்டுச்சு, எருமைப்பால் துணியில மயிரிழையா நின்னுச்சு. கொழுப்புதான் மையப் பரவவிடாம பிடிக்குதுன்னு அதுங்களே கண்டுபிடிச்சுதுங்க. அன்னிக்கு பெல் அடிச்சும் ஒரு புள்ள கூட வெளிய போகல.

இப்ப சொல்லப்போறதுதான் முக்கியம், கவனமா படி. அந்த கிளாஸ்ல ஒரு பொண்ணு, டிராயிங்ல சுமார்தான்னு நானே மார்க் போட்டுக்கிட்டிருந்த பொண்ணு, பென்சில் கொடுத்தா கைய இறுக்கிப் பிடிச்சு பேப்பர் கிழியற மாதிரி அழுத்துவா. அவ கையில கலத்தக் கொடுத்தேன். ஒரே இழுப்பு. நடுவுல திக்கல திணறல, ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் ஒரே கனம். எனக்கு அந்த மாதிரி இன்னும் வரல. எப்படிடி இதுன்னு கேட்டா, "கோலம் மாதிரிதான் மிஸ்"ங்கறா. தினமும் வாசல்ல சிக்குக் கோலம் போடறவ அவதானாம். யோசிச்சுப் பாரு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல மாவு எவ்வளவு இறங்கணும்னு விரல்தான் முடிவு பண்ணுது, இங்கயும் அதே அமுக்கல்தான். அவளுக்குத் தெரிஞ்ச வித்தைய நம்ம பென்சில் பாடம் கேக்கவே இல்ல! எத்தன கோலக்கார கைங்க லோயர் பரிட்சையில ஃபெயிலாகி, எனக்கு வரைய வராதுன்னே நம்பி வாழ்ந்துட்டுப் போயிருக்கும்? எங்க அம்மா கை, உங்க அம்மா கை. இது எனக்குள்ள இன்னும் கொதிச்சுக்கிட்டே இருக்கு. இப்பல்லாம் புது கிளாஸ்னா பேப்பரே கொடுக்கறதில்ல, முதல்ல கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போய் மண்ணுல கோலம், பசங்களும்தான். யார் கை எப்படிப் பேசுதுன்னு அங்கயே தெரிஞ்சுடுது.

பெரியவர் ஒரு நாள் அவங்க தாத்தா காலத்து தொம்பைத் துணி ஒண்ணு எடுத்துக் காட்டினாரு. சேப்பு அப்படியே இருக்கு, மஞ்சள் மங்கியிருக்கு, ஆனா கறுப்புக் கோடு இருந்த இடமெல்லாம் அங்கங்க துணியே இல்ல, கோடு கோடா கிழிஞ்சு ஓட்டை. இரும்பு மை காலப்போக்குல நூலையே தின்னுடுமாம். மியூசியத்துல இருக்கற பழைய துணிகள்லயும் இதே கதைதானாம். எது படத்தத் தாங்கி நிக்குதோ அதுதான் முதல்ல போகுது. நான் அந்த ஓட்டை வழியா வெளிச்சம் பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்டி. தெரிஞ்சே பரம்பரை பரம்பரையா அதே மையில எழுதியிருக்காங்க. "கிழிஞ்சா புதுசு எழுதிக் கட்டுவோம், சாமிக்கு வருஷா வருஷம் தேர் உண்டுல்ல"ன்னாரு.

இப்ப உன் கேள்விக்கு பதில். என் பெயிண்டிங் எங்கன்னா, கூடத்துல உத்தரத்துலேருந்து தொங்குது. நான் ஒரு தொம்பை எழுதறேன், ராமாயணம் இல்ல, டவுன் பஸ். காலையில ஸ்கூல் புள்ளைங்க ஏறற பஸ்ஸு, புட்போர்டு, பூக்காரம்மா கூடை, கண்டக்டர் விசில், எல்லாம். தொம்பை உருளையா தொங்கும், காத்துல சுத்தும், அதனால படத்துக்கு ஆரம்பமும் கிடையாது முடிவும் கிடையாது, எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் அது நடுவா இருக்கணும். சட்டம் போட்ட கேன்வாஸ்ல கத்துக்கிட்ட காம்போசிஷன் ஒண்ணும் இங்க செல்லாது. எங்க தச்சு மூட்டறோமோ அந்த மூட்டு தெரியாம கூட்டத்த எப்படி ஓட விடறதுன்னு ரொம்ப நாள் முட்டிக்கிட்டு நின்னேன்.

வழி எங்க கிடைச்சுது தெரியுமா, தாராசுரத்துல! ஏழாம் கிளாஸ் பசங்கள ஐராவதேசுவரர் கோயிலுக்கு அவுட்டோர் கூட்டிட்டுப் போனேன், நாம உக்காந்த அதே படிக்கட்டுப் பக்கம். ரிஷபகுஞ்சரத்த, அதான் காளையும் யானையும் ஒட்டின அந்தச் சிற்பத்தக் காட்டி, இந்தப் பக்க உடம்ப கையால மூடு யானை, அந்தப் பக்கத்த மூடு காளைன்னு சொல்லி வரைய விட்டேன். ஒரு வாண்டு கேக்கறான், "அப்ப இந்தத் தல யாரோடது டீச்சர்?"னு. அங்கயே எனக்குப் பொறி தட்டிடுச்சு. ரெண்டு உடம்பு ஒரு தலைய பங்கு போட்டுக்கலாம்னா, மூட்டுல நிக்கிற ரெண்டு புள்ளைங்க ஒரு கைய பங்கு போட்டுக்கட்டுமே, கம்பியப் பிடிச்ச ஒரே கை, இந்தப் பக்கம் பாத்தா பொண்ணோடது, அந்தப் பக்கம் பாத்தா பையனோடது. வீட்டுக்கு வந்ததும் வராததுமா கரி எடுத்துப் போட்டுப் பாத்தேன். மூட்டு மறைஞ்சே போச்சு!

அதனால நீ நினைக்கற மாதிரி ஸ்கூல் என் நேரத்தத் தின்னுதுன்னு இனிமே சொல்லாத. அந்த வாண்டு கேக்கலன்னா எனக்கு அந்தக் கை இல்ல, அந்தக் கோலக்காரி இல்லன்னா என் கோடு இன்னும் பயந்துக்கிட்டே இருக்கும், சனிக்கிழமை போகலன்னா இந்த ரெண்டையும் கண்டுக்கவே எனக்குத் தெரிஞ்சிருக்காது. காலேஜ்ல நம்ம மாஸ்டர் சொல்வாரே, வாத்தியார் வேலைக்குப் போனா கை செத்துடும்னு. அவர் மேல எனக்கு இருக்கற மரியாத குறையல, ஆனா இந்த ஒரு விஷயத்த நான் ஒத்துக்கமாட்டேன்.

நீ சொன்னத மறக்கல. ஸ்டோரிபோர்டு, ஸ்டோரிபோர்டுன்னு ஒரு நாளைக்கு எத்தனையோ ஃப்ரேம் வரையறேன், ஆனா ராத்திரி கண்ண மூடினா ஒரு கோடு கூட என்னோடதுன்னு தோணலடின்னு சொன்ன பாரு, அதக் கேட்டதுலேருந்து எனக்கு மனசே சரியில்ல. ஹாஸ்டல் சுவத்துல வார்டன் மூஞ்சிய ஒரே கோட்டுல போட்டவ நீ. அட்வைஸ் பண்ண வரல, வேலையெல்லாம் விட்டுடுன்னு சொல்ல நான் யாரு, ஈஎம்ஐ எனக்குத் தெரியாதா. ஆனா தை பிறந்ததும் ஒரு நாலு நாள் லீவு போட்டுட்டு வா. சின்னவனையும் கூட்டிட்டு வா, ஆணி பொறுக்க விடுவோம். துணி நான் கடுக்காய் ஏத்தி காயவச்சு வைக்கறேன், கலம் பெரியவரே கட்டித் தரேன்னுட்டாரு, உன் கை பெருசா சின்னதான்னு வேற கேட்டாரு. தொம்பையில பூக்காரம்மாவுக்குப் பின்னாடி ஒரு இடம் விட்டு வச்சிருக்கேன், அங்க யார் நிக்கணும்னு நீ முடிவு பண்ணு.

வரும்போது உன் பழைய தாராசுரம் ஸ்கெட்ச் புக்க எடுத்துட்டு வா, பரண் மேல இருக்கும், உங்க அம்மாகிட்ட கேளு, தூக்கிப் போட்டிருக்கமாட்டாங்க. நீ யானைய மட்டும் வரைஞ்சு திட்டு வாங்கின பக்கம் எனக்கு வேணும், பசங்களுக்குக் காட்டணும். நேர் பஸ்ஸுல வா, அந்த குறுக்கு வழி மட்டும் வேண்டாம், போன தடவ பட்டது போதும்.

உன்
ஃபெவிகால்