அந்த இரண்டு வரிதான் விஷயம்

ஆசிரியருக்கு வணக்கம். கிளிக் வேதியியல் (இரு மூலக்கூறுகளைச் சட்டென்று மாட்டி இணைக்கும் முறை) வழியே புரதங்களில் மாற்றம் செய்யும் வேதியியலாளர் ஒருவரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை ஆய்வுக் கட்டுரைகள், எத்தனை மேற்கோள்கள் என்பதற்கே பாதி இடம் போய்விட்டது. அவர் என்னதான் செய்தார் என்பது இரண்டே வரியில் முடிந்துவிட்டது. மாணவனுக்கு வேண்டியது அந்த இரண்டு வரிதான். 2022-இல் நோபல் பரிசு பெற்ற துறை இது. அசைடு, ஆல்கைன் என்ற இரு சிறு அணுத் தொகுதிகளைத் தாமிர வினையூக்கி சுலபமாக இணைத்துவிடும். தாமிரம் செல்லுக்கு நஞ்சு. அது இல்லாமலே உயிருள்ள செல்களில் இந்த இணைப்பை நடத்திக் காட்டினார், அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்ட அமெரிக்க வேதியியலாளர் கரோலின் பெர்டோசி.

பிளஸ் டூ வகுப்பில் இதைச் சொல்ல, தையல் கடையில் ஒரு பிரஸ் பட்டன் வாங்கிப் போய் 'டிக்' என்று அழுத்திக் காட்டினேன். ஒரு பாதி புரதத்தில், மறு பாதி ஒளிரும் சாயத்தில். மாட்டியதும் புரதம் இருக்கும் இடம் தெரியும் என்றேன். கடைசி பெஞ்சுப் பையன், "அப்போ மருந்தையும் மாட்டலாமா சார்?" என்றான். மாட்டலாம், அந்த ஆராய்ச்சியும் நடக்கிறது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்த ஊர் எங்களுடையது; இங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இத்தகைய ஆராய்ச்சி புரிய வேண்டாமா? இனி இத்தகைய கட்டுரைகளோடு ஒரு படமும், ஆய்வாளரே எளிய தமிழில் சொல்லும் பத்து வரிகளும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

- வேதியியல் ஆசிரியர், காரைக்குடி