வாடகைக்காகப் பாடிய இசைக்குக் கைகொடுத்த உங்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

மேடையைக் கழற்றியாகிவிட்டது. நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. உண்டியல் பணத்தையும் எண்ணி முடித்துவிட்டோம். பாக்கி இருப்பது நன்றி சொல்வதுதான். வாடகைக்கு நிதி திரட்ட நாம் நடத்திய இசை விழா அன்று மைக்கில் அவசரமாகச் சொன்னது எனக்குப் போதவில்லை. உங்களில் பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடாமல் எழுதுகிறேன். படிக்கும்போது இது தன்னைத்தான் சொல்கிறது என்று அவரவருக்குத் தெரிந்துவிடும்.

வாடகை கட்ட வழியில்லாமல் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக நிதி திரட்டலாம் என்று பேச்சு எழுந்தபோது, அதற்கு எதற்கு ப்ளூஸ் என்று பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த, நம்மில் பெரும்பாலானவர்களுக்குப் பழக்கமில்லாத இசை அது. ஆனால் அந்த இசைக்கும் வாடகைக்கும் பழைய உறவு உண்டு. அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்கள், முதல் உலகப் போர்க் காலம் தொடங்கி லட்சக்கணக்கில் வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். சிகாகோவிலும் நியூயார்க்கின் ஹார்லெமிலும் நெரிசலான சில பகுதிகளில்தான் அவர்களுக்கு வீடு கிடைத்தது. அதற்கும் மற்றவர்களைவிடக் கூடுதல் வாடகை. மாதம் பிறந்து கையில் காசில்லை என்றால், வீட்டுச் சாமான்களை ஓரம் தள்ளிவிட்டு, ஒரு பியானோக்காரரை அழைத்து, வருகிறவர்களிடம் சின்னத் தொகை வாங்கிக்கொண்டு ராத்திரி முழுக்கக் கச்சேரி வைப்பார்கள். 1920களில் இதற்கென்றே சிறு அழைப்பு அட்டைகள் அச்சடித்துக் கொடுத்தார்கள். ப்ளூஸ் பியானோவின் வேகமான பாணியான பூகி ஊகி வளர்ந்த இடங்களில் இந்த வீட்டுக் கூடங்களும் உண்டு. ஆடிப் பாட வந்தவர்கள் கொடுத்த காசில் அந்த மாத வாடகை கட்டப்பட்டது. யாரும் யார் முன்னாலும் கை நீட்டி நிற்க வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் இந்த இசையைப் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். உதவி வாங்குபவரின் தலை குனியாமல் உதவ வேண்டும் என்றால் அது ஒரு கொண்டாட்டமாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் அதை நடத்திக் காட்டிவிட்டீர்கள்.

முதல் நன்றி இசைக் கலைஞர்களுக்கு. ஒருவரும் சன்மானம் வாங்கவில்லை. பயணச் செலவுக்கென்று நாங்கள் நீட்டிய உறைகளைப் பிரிக்காமலே உண்டியலில் போட்டுவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம், எங்களையும் பாட வைத்தார்கள். ப்ளூஸ் பாட்டில் பெரும்பாலும் முதல் வரியை அப்படியே இன்னொரு முறை பாடிவிட்டு, மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்வார்கள். மொத்தம் பன்னிரண்டு பார், அதாவது தாள அளவு; அடிப்படையில் மூன்றே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு. ஒவ்வொரு வரி முடிந்ததும் கிடைக்கும் இடைவெளியில் கிட்டார் பதில் பேசும். மூத்த பாடகி இதை எடுத்துச் சொல்லி, முதல் முறை தான் பாடுவதாகவும் இரண்டாம் முறை கூட்டம் பாட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான். அந்த இசையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டவர்கள்கூடப் பின்பாட்டுப் பாடினார்கள். அம்மா, உங்களுக்கு என் தனி வணக்கம்.

கிட்டார் கம்பி அறுந்த அந்தச் சில நிமிடங்களையும் சொல்லியாக வேண்டும். ப்ளூஸில் கம்பியை விரலால் வளைத்து வளைத்துத்தான் ஸ்வரத்தை அழ வைப்பார்கள்; அறுவது சகஜம். புதுக் கம்பி மாட்டும் வரை மேடை சும்மா இருக்கக் கூடாது என்று மவுத் ஆர்கன் வாசித்தவர் மைக்கை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்கிவிட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து அதற்குள் மவுத் ஆர்கனை வைத்து, கையைத் திறந்தும் மூடியும் வாசித்தார். குழந்தை அழுவது போலவும் ரயில் போவது போலவும் அது கேட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு பையன் ஏன் இடுப்பில் இத்தனை மவுத் ஆர்கன் என்று கேட்டான். அவர் வாசிப்பதை நிறுத்தி, அவன் உயரத்துக்குக் குனிந்து, ஒவ்வொரு ஸ்கேலுக்கும், அதாவது சுருதிக்கும், ஒன்று வேண்டும் என்றும், பாட்டு ஏ ஸ்கேலில் இருக்கும்போது டி ஸ்கேல் மவுத் ஆர்கனை எடுப்பதாகவும், அப்போதுதான் மூச்சை உள்ளே இழுக்கும்போது வேண்டிய ஸ்வரங்கள் வளைந்து கொடுக்கும் என்றும் பொறுமையாக விளக்கினார். ஐயா, அந்தப் பையன் இப்போது ஒரு மவுத் ஆர்கன் கேட்டு வீட்டில் அடம் பிடிக்கிறானாம்.

ஒலி அமைப்பைப் பார்த்துக்கொண்ட தம்பியை மேடைக்கு அழைத்தபோது வர மறுத்துவிட்டார். அவர் இல்லையென்றால் அன்று கச்சேரியே இல்லை. காலையில் ஸ்பீக்கர்களில் இடைவிடாமல் ஒரு ரீங்காரம். ஒவ்வொரு வயராகத் தொட்டுக்கொண்டு முட்டி போட்டே மேடையைச் சுற்றி வந்தார். மிக்ஸருக்கு ஒரு பக்கமும் ஆம்ப்ளிஃபையர்களுக்கு வேறு பக்கமும் கரன்ட் எடுத்திருந்ததால் எர்த் வழியாக அந்த இரைச்சல் வருகிறது என்று கண்டுபிடித்து, ஒலிக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே இடத்துக்கு மாற்றினார், விளக்குகளைத் தனி லைனுக்குக் கொண்டுபோனார். சத்தம் நின்றது. அப்புறம்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

அடுத்து நம் ஓவியர்களும் சிற்பிகளும். இசை விழாவில் ஓவியம் எதற்கு என்ற கேள்வியும் வந்தது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஜேம்ஸ் சன் தாமஸ் என்று ஒரு ப்ளூஸ் பாடகர் இருந்தார். 1926இல் பிறந்து 1993இல் மறைந்தவர். பிழைப்புக்குக் கல்லறைக் குழி வெட்டினார், கிட்டார் வாசித்துப் பாடினார், களிமண்ணில் மண்டையோடுகள் செய்தார். ஒரே மனிதரின் இரண்டு கைகளில் இசையும் மண்ணும் சேர்ந்திருந்தன. நம் கண்காட்சி அரங்கின் வாசலில் அவரைப் பற்றி எழுதி வைத்தது இதற்காகத்தான்.

விற்பனையில் பாதியைப் படைத்தவர் எடுத்துக்கொள்ளலாம் என்று விதி வைத்திருந்தோம். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மனம் நிறைந்துவிட்டது, கூடவே ஒரு உறுத்தலும் இருக்கிறது. நல்ல காரியம் என்று சொல்லிக் கலைஞர்களிடம் இலவசமாகக் கேட்பது எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. கேன்வாஸ், வண்ணம், சட்டம் எல்லாம் அவர்கள் கைக்காசு. அடுத்த முறை சட்டம் போடும் செலவையாவது குழு ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூட்டத்தில் இதை முன்வைக்கப் போகிறேன்.

ஒவ்வொரு படைப்பின் கீழும் ஒரு தாள் ஒட்டி, வேண்டியவர் தொகையை எழுதிப் போகும்படி ஏலம் வைத்திருந்தோம். கிட்டார் கம்பிமேல் ஒரு முதிய கை இருக்கும் லினோ அச்சுப் படத்துக்கு (லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது) இரண்டு பேர் கடைசி வரை மாறி மாறி எழுதிக்கொண்டே இருந்தார்கள். படம் கிடைக்காதவர், தான் கடைசியாக எழுதிய தொகையை அப்படியே உண்டியலில் போட்டுவிட்டார். அக்கா, நீங்கள் கிளம்பிப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வாசலில் சீட்டு கிழித்தவர்கள், வண்டிகளை ஒழுங்குபடுத்தியவர்கள், முதலுதவிப் பெட்டியோடு கடைசி வரை நின்றவர்கள், எல்லோரும் போன பிறகு குப்பையைத் தரம் பிரித்து அள்ளிய இளைஞர்கள், இரவு வரை சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்து வீட்டார்: ஒவ்வொருவருக்கும் நன்றி.

விழா முடிந்துவிட்டதே, இனிமேல் கொடுக்கலாமா என்று சிலர் தயங்கிக் கேட்டார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். ப்ளூஸின் பேரரசி என்று கொண்டாடப்பட்ட பெஸ்ஸி ஸ்மித் 1937இல் இறந்தார். அவருடைய கல்லறைக்கு ஒரு பெயர்க்கல் வர 1970 ஆகிவிட்டது. சிறுமியாக அவர் வீட்டில் வேலை செய்த ஜுவானிட்டா கிரீனும், பாடகி ஜேனிஸ் ஜாப்ளினும் அந்தச் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். முப்பத்து மூன்று வருடம் கழித்தும் ஒருவர் கைகொடுக்கலாம் என்றால், இரண்டு வாரம் ஒன்றும் தாமதமில்லை.

பணத்தைக் குழுவில் இல்லாத இருவர் எண்ணிச் சரிபார்த்தார்கள். வாடகைப் பாக்கி நேராக வீட்டு உரிமையாளர்களுக்குப் போய்ச் சேரும். குடும்பங்களின் பெயர்களை எங்கும் வெளியிட மாட்டோம், தயவுசெய்து கேட்கவும் வேண்டாம். வரவு செலவுக் கணக்கை மட்டும் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

ஏலத்தில் எடுத்த படங்களில் சில இன்னும் எங்களிடமே இருக்கின்றன, சீட்டைக் கொண்டுவந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மூக்குக் கண்ணாடியும் ஒரு குழந்தையின் செருப்பும்கூட உரியவருக்காகக் காத்திருக்கின்றன.

அன்புடனும் நன்றியுடனும்,
விழாக் குழுவின் சார்பில்,
உங்களில் ஒருத்தி