ஆதி ரங்கத்துக்கு ஒரு மணி நேரம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சுற்றுலாப் பக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ‘மைசூர் போகிற வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்’ என்று அதில் இருந்த வரி, ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊர் கடைசியான அந்த்ய ரங்கம் என்றால் அது முதலாவதான ஆதி ரங்கம். அதே காவிரி, அதே பள்ளிகொண்ட பெருமாள், அதே போல ஆறு இரண்டாகப் பிரிந்து அணைத்துக்கொண்ட தீவு. அக்காள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் எட்டிப் பார்த்துவிட்டு வா என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

முதலில் ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன். திப்பு சுல்தான் தரியா தௌலத் மாளிகையில் கொல்லப்பட்டதாக அச்சாகியிருக்கிறது. அது அவருடைய கோடைக்கால மாளிகை. கோட்டைக்கு வெளியே கிழக்கே இருக்கிறது. 1799 மே 4 அன்று அவர் விழுந்தது கோட்டைக்குள், வடக்கு மதிலை ஒட்டிய தண்ணீர் வாயிலுக்குப் பக்கத்தில். உடல் கண்டெடுக்கப்பட்ட இடத்தில் ஒரு கல்வெட்டுப் பலகை நிற்கிறது. மறுநாள் மாலை கும்பஸ் என்ற கல்லறை மண்டபத்தில் தந்தை ஹைதர் அலிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தபோது இடியும் மின்னலுமாகப் பெருமழை கொட்டியது என்று அங்கிருந்த ஆங்கில அதிகாரிகளே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அந்த மழையைச் சும்மா சொல்லவில்லை. அந்த ஊரின் சரித்திரமே ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்பதில்தான் இருக்கிறது. 1791 மே மாதம் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ் பெரும் படையோடு ஊரை நெருங்கிவிட்டார். மழை பிடித்துக்கொண்டது, உணவு இல்லை, வண்டி மாடுகள் செத்து விழுந்தன. இழுத்து வந்த பெரிய பீரங்கிகளைத் தாமே நாசம் செய்துவிட்டுத் திரும்பினார். எட்டு ஆண்டுகள் கழித்து வந்த இன்னொரு ஆங்கிலேயத் தளபதி ஹாரிஸுக்கும் அதே அவசரம்தான். ஆறு பெருகுவதற்குள் உள்ளே நுழைந்தாக வேண்டும். மதிலில் உடைப்பு ஏற்படுத்தி, நடுப்பகல் தாண்டியதும் படையை ஆற்றில் இறக்கினார்.

கோட்டையின் வடமேற்கு மூலையில், உடைப்பு விழுந்த இடத்தில், ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. பஸ்ஸில் வரும் கூட்டம் அங்கே போவதில்லை. சென்ற தை மாதம் நான் காலை ஏழு மணிக்குப் போய் நின்றபோது என்னையும் இரண்டு ஆடுகளையும் தவிர யாரும் இல்லை. கீழே காவிரியில் பாறைகள் தலைநீட்டிக் கிடந்தன. நடுவில் ஒருவர் முழங்கால் ஆழத்தில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்ட நான்காம் மைசூர்ப் போர் எனக்கு அந்த நிமிடத்தில்தான் விளங்கியது. இதற்கு மட்டுமே ஒரு மணி நேரம் வேண்டும்.

தரியா தௌலத்துக்கு இன்னொரு மணி நேரம். 1784-இல் கட்டிய தேக்கு மாளிகை. வெளிச்சுவரில், ஹைதரும் திப்புவும் ஆங்கிலேயரை வென்ற 1780-ஆம் ஆண்டுப் போர் முழு நீளத்துக்கு வரையப்பட்டிருக்கிறது. வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டி, சதுரமாக நெருக்கி நிற்கும் சிவப்புச் சட்டை ஆங்கிலப் படை, பல்லக்கில் அதன் தலைவர் கர்னல் பெய்லி. அந்தப் போர் நடந்தது எங்கோ கர்நாடகத்தில் அல்ல, நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில். இவ்வளவு பக்கத்து உறவை உங்கள் கட்டுரை ஒரு சொல்லில்கூடச் சொல்லவில்லை. பிடிபட்ட பெய்லி இந்த ஊரிலேயே 1782-இல் இறந்தார். அவருடன் சிறைப்பட்டு மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் இங்கே கிடந்த டேவிட் பேர்ட்தான் 1799-இல் ஆற்றைக் கடந்த படைக்குத் தலைமை தாங்கியவர்.

கோயிலைப் பற்றி நீங்கள் எழுதியதில் குறையில்லை. கங்கர் காலக் கல்வெட்டையும் சேர்த்திருக்கலாம்.

கல்லும் சரித்திரமும் குழந்தைகளுக்கு அலுக்கும் என்பார்கள். என் பேத்திக்கு ஒன்பது வயது. அவளுக்கு அலுக்கவில்லை, காரணம் ரங்கனதிட்டு. ஊரிலிருந்து சில கிலோமீட்டர்தான். பதினேழாம் நூற்றாண்டில் கண்டீரவ நரசராஜ உடையார் ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு எழுப்பியதால் உண்டான சிறு திட்டுகள் அவை. பறவையியல் அறிஞர் சாலிம் அலி சொன்னதைக் கேட்டு 1940-இல் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள். வனத்துறையின் படகில் போனோம். மஞ்சள்மூக்கு நாரைகள் குச்சி சுமந்து கூடு கட்டிக்கொண்டிருந்தன. கரண்டிவாயன்கள் சேற்றைத் துழாவின. ஒரு பாறையில் முதலை வாயைப் பிளந்தபடி வெயில் காய்ந்தது. பேத்தி அதைப் பொம்மை என்றே சாதித்தாள், அது தண்ணீருக்குள் நழுவும் வரை. கிருஷ்ணராஜசாகர் அணையில் உபரி நீர் திறந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஆடி, ஆவணியில் போகிறவர்கள் நம் பத்திரிகைகளில் தினமும் வரும் நீர்த்திறப்பு அளவைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். ஆடிப்பெருக்கன்று எங்கள் ஊர் அம்மா மண்டபப் படித்துறைக்குத் தண்ணீர் வருமா என்று பார்க்க அந்தச் செய்தியைத்தான் நாங்கள் வாழ்நாள் முழுவதும் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு நாள் விடியலில் கரிகட்டா மலை ஏறினோம். நானூறுக்கு மேல் படிகள். உச்சியில் ஸ்ரீநிவாசர் கோயில்; கீழே லோகபாவனி வந்து காவிரியில் கலப்பது தெரியும். மைசூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை சைக்கிளிலேயே அங்கே வந்து சேர்ந்தார். அந்த வட்டாரத்து இளைஞர்கள் ஞாயிறு காலைகளில் அப்படித்தான் வருகிறார்களாம்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையில் ஓரிடத்தில் பரிசல் ஏறப் போனோம். லைஃப் ஜாக்கெட் கேட்டதற்கு, ‘ஆழமில்லை சார்’ என்று சிரித்தார்கள். ஆழமில்லாத இடத்தில்தான் பாறை வழுக்கும், சுழல் இழுக்கும். படித்துறையில் வளர்ந்தவனுக்கு இது தெரியும். பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். பல்முரி, எட்முரி அணைக்கட்டுப் பகுதிகளில் குளிக்க இறங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உங்கள் கட்டுரையோடு வந்த படத்தில் பரிசலில் இருந்த ஆறு பேரில் ஒருவர்கூட ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. அடுத்த முறை படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கவனியுங்கள்.

தங்க இடமில்லை என்பதும் சரியல்ல. மாநிலச் சுற்றுலாக் கழகத்தின் விடுதி ஆற்றை ஒட்டியே இருக்கிறது. திருச்சியிலிருந்து மைசூருக்கு இரவு ரயில். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி. நாங்கள் இரண்டு இரவு தங்கினோம். அப்படியும் பாண்டவபுரம் பக்கத்துக் குந்தி பெட்டா என்ற குன்று பாக்கி. ஏறுகிறேன் என்று பேத்தியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். முழங்கால் சம்மதித்தால் வரும் தையில்.

தண்ணீர் வாயில் பற்றிய திருத்தத்தை மட்டுமாவது அடுத்த ஞாயிறு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
ஸ்ரீரங்கம்